குடும்பத்தோடு விமானப் பயணம்: எல்லோரையும் லவுஞ்சுக்குள் அழைத்துப் போக ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களில் பெரும்பாலானோருக்கு ஏர்போர்ட் என்றால் தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையம்தான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போய்ச் சேரவே 90 கிலோமீட்டர், அப்புறம் ஊரைத் தாண்டி வடக்கே இன்னும் 35, 40 கிலோமீட்டர். தருமபுரி என்றால் அதோடு இன்னொரு ஐம்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று எங்கே வண்டி நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காலை ஏழு மணி விமானத்துக்கு இரவு ஒரு மணிக்கே கிளம்புகிறோம். நாலரை மணிக்கெல்லாம் ஏர்போர்ட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும், அப்பாவுக்குக் கால் மரத்துப் போயிருக்கும், எல்லோருக்கும் பசி.

அந்த நேரத்தில் உட்காரச் சோபா, சூடாக இட்லியோ பொங்கலோ, காபி, சுத்தமான கழிவறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் லவுஞ்ச். தனியாகப் போகிறவருக்கு அது வசதி. வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு அது நிஜமான உதவி. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். லவுஞ்ச் அனுமதி குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை, ஆளுக்குத்தான் கிடைக்கிறது. "என்னிடம் லவுஞ்ச் கார்டு இருக்கிறது" என்று குடும்பத் தலைவர் சொன்னால், அவர் ஒருவர் உள்ளே போகலாம் என்றுதான் பொதுவாக அர்த்தம். மற்றவர்களுக்கான வழியை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த வேலை லவுஞ்ச் வாசலில் நடக்காது. மூன்று நான்கு மாதம் முன்பே வீட்டில் தொடங்க வேண்டும்.

படி 1: ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்

பயணம் போகிற எல்லோருடைய பெயரையும் வரிசையாக எழுதி, எதிரே வயதையும், அவரவர் பெயரில் உள்ள கார்டுகளையும் எழுதுங்கள். கிரெடிட் கார்டு மட்டுமல்ல, டெபிட் கார்டையும் சேர்த்துத்தான். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அப்பாவின் பென்ஷன் கணக்குக்கு வங்கி கொடுத்த ஏடிஎம் கார்டிலேயே லவுஞ்ச் சலுகை இருக்கலாம். ரூபே பிளாட்டினம், ரூபே செலக்ட் வகைக் கார்டுகள் பலவற்றில் இது உண்டு. காலாண்டுக்கு ஒரு உள்நாட்டு லவுஞ்ச் என்பது வழக்கமான கணக்கு. சாதாரண ரூபே கிளாசிக் கார்டில் இது கிடையாது. கார்டின் முகப்பிலேயே எந்த வகை என்று அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். கிளாசிக்காக இருந்தால் கிளையில் ஒரு விண்ணப்பம் கொடுத்து பிளாட்டினத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான்.

என்னைக் கேட்டால், குடும்பத்துக்கு மிகவும் மலிவான வழி இதுதான்: பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கில், அவரவர் பெயர் அச்சிட்ட ஒரு டெபிட் கார்டு. கடன் இல்லை, வட்டி பயம் இல்லை.

குழந்தைகள் விஷயம் தனி. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பல லவுஞ்சுகளில் இலவசம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை சில இடங்களில் குறைந்த கட்டணம், சில இடங்களில் பெரியவர்களைப் போல முழு ஆளாகவே எண்ணுவார்கள். இது வங்கியின் விதி அல்ல, அந்தந்த லவுஞ்சின் விதி. ஆகவே நீங்கள் போகும் லவுஞ்சின் இணையப் பக்கத்தில் குழந்தை வயது வரம்பைப் பார்த்துவிடுங்கள். பார்க்கும்போதே உங்கள் கார்டு அங்கே செல்லுமா என்பதையும் பார்த்துவிடலாம்.

படி 2: காலாண்டுச் செலவுக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கார்டைக் காட்டினால் போதும், உள்ளே விட்டுவிடுவார்கள். கூட்டம் பெருகியதும் வங்கிகள் செலவு நிபந்தனை போட ஆரம்பித்தன. எச்டிஎஃப்சி வங்கியின் ரெகாலியா கார்டில் 2023 டிசம்பரிலிருந்து, ஒரு காலாண்டில் ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்தால்தான் லவுஞ்ச் வவுச்சர், அதாவது இலவச நுழைவுச் சீட்டு, என்று ஆனது. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில் பல கார்டுகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் என்று வைத்தது, அதே ஆண்டு நவம்பரில் அதை 75,000 ஆக்கியது. விதி இவ்வளவு வேகமாக மாறுகிறது. ஆகவே போன வருடம் போய் வந்த அனுபவத்தை நம்பி இந்த வருடம் கிளம்பாதீர்கள். பயணத்துக்கு முன்னால் வங்கி ஆப்பில் உங்கள் கார்டுக்கான லவுஞ்ச் பகுதியைத் திறந்து படித்துவிடுங்கள்.

காலாண்டு என்பது ஜனவரி-மார்ச், ஏப்ரல்-ஜூன், ஜூலை-செப்டம்பர், அக்டோபர்-டிசம்பர். மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு போவதாக இருந்தால், முந்தைய காலாண்டுச் செலவைக் கேட்கும் கார்டுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை செய்த செலவுதான் பேசும். ஏப்ரலில் என்ன வாங்கினாலும் அந்தப் பயணத்துக்கு உதவாது.

இங்கே இரண்டு உத்திகள் உண்டு. ஒன்று, மே மாத டிக்கெட்டை மார்ச் 31-க்குள், லவுஞ்சுக்குப் பயன்படுத்தப் போகும் அதே கார்டில் எடுங்கள். ஐந்து பேர் டிக்கெட் என்றால் அதிலேயே பெரும்பகுதிச் செலவு வரம்பு எட்டிவிடும். இரண்டு, பயணத் தேதியை மாற்ற முடியும் என்றால் இரண்டு காலாண்டுகள் தொடும்படி வையுங்கள். செப்டம்பர் 28 போய் அக்டோபர் 5 திரும்பினால், போகும்போது ஒரு காலாண்டின் அனுமதி, திரும்பும்போது அடுத்த காலாண்டின் அனுமதி. காலாண்டுக்கு ஒரு முறைதான் என்கிற டெபிட் கார்டுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றைப் பல வங்கிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மளிகை, துணி, மருந்து, டிக்கெட் என்று எப்படியும் செய்யப் போகிற செலவை ஒரே கார்டுக்கு மாற்றுங்கள், அது போதும். லவுஞ்சுக்காகத் தேவையில்லாததை வாங்காதீர்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கு வட்டி மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் போகிறது. ஒரு மாதம் தவணை தப்பினால் நாலு பேர் சாப்பிட்ட லவுஞ்ச் சாப்பாடு அங்கேயே கரைந்துவிடும்.

படி 3: ஆட்-ஆன் கார்டு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

மனைவிக்கோ அம்மாவுக்கோ உங்கள் கிரெடிட் கார்டின் கீழேயே ஆட்-ஆன் கார்டு எடுக்கலாம். பொதுவாகப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பல வங்கிகள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆதார், பான் கொடுத்தால் ஓரிரு வாரத்தில் வீட்டுக்கு வரும். நம் பக்கம் கிராமத்து முகவரி என்றால் கூரியர்காரர் வழி கேட்டு வந்து சேர இன்னும் சில நாள் ஆகலாம், ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "ஆட்-ஆன் கார்டுக்குத் தனி எண்ணிக்கையா, என் கார்டோடு சேர்ந்த எண்ணிக்கையா?"

எல்லாமே இந்தப் பதிலில்தான் இருக்கிறது. எச்டிஎஃப்சியின் இன்ஃபினியா, டைனர்ஸ் பிளாக் போன்ற உயர்மட்டக் கார்டுகளில் ஆட்-ஆன் வைத்திருப்பவரும் எண்ணிக்கை வரம்பில்லாமல் போகலாம். நடுத்தரக் கார்டுகள் பலவற்றில் இருவருக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கை. காலாண்டுக்கு இரண்டு என்றால், நீங்களும் மனைவியும் போகும்போது ஒரு தடவை நுழைந்ததுமே இரண்டும் தீர்ந்துவிடும். திரும்பும் வழிக்கு ஒன்றும் மிச்சமிராது. இன்னும் சில கார்டுகளில் ஆட்-ஆனுக்கு லவுஞ்சே கிடையாது.

இதோடு இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "விருந்தினரை அழைத்துப் போனால் என் இலவச எண்ணிக்கையில் கழியுமா, தனியாகப் பணம் பிடிப்பீர்களா?" கழியும் என்றால் நிம்மதி. பணம் பிடிப்பார்கள் என்றால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், மின்னஞ்சலாக இருந்தால்கூடப் போதும்.

எங்கள் உறவினர் ஒருவர் காவேரிப்பட்டினத்திலிருந்து குடும்பத்தோடு வெளிநாடு போனார். வெளிநாட்டு லவுஞ்சில் பிரயாரிட்டி பாஸை (வங்கி கிரெடிட் கார்டோடு தரும் தனி லவுஞ்ச் உறுப்பினர் அட்டை) காட்டியதும் நால்வரையும் சிரித்த முகத்தோடு உள்ளே விட்டார்கள். வாசலில் ஒரு பைசா கேட்கவில்லை. அடுத்த மாத ஸ்டேட்மென்டில்தான் மூன்று பேருக்கான கட்டணம் வந்தது. ஆளுக்கு 27 டாலர் என்றால் மூன்று பேருக்கு 81 டாலர். வரியும் சேர்ந்தால் எட்டாயிரம் ரூபாயைத் தொடும். வாசலில் கேட்காததால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரயாரிட்டி பாஸில் விருந்தினர் கட்டணம் இப்படிப் பின்னால்தான் வரும்.

பிரயாரிட்டி பாஸ் பற்றி இன்னொரு விவரம். இந்திய வங்கிகள் கார்டோடு கொடுக்கும் பிரயாரிட்டி பாஸில் பல, இந்தியாவுக்கு வெளியே மட்டும் இலவசம். பெங்களூரில் அதை நீட்டினால் கட்டணம் விழும். இங்கே கிரெடிட் கார்டையே கொடுங்கள், அங்கே பாஸைக் கொடுங்கள்.

படி 4: எந்த முனையம் (டெர்மினல்), எந்த லவுஞ்ச்

தேவனஹள்ளியில் இரண்டு முனையங்கள். இண்டிகோவின் உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் முதல் முனையம். ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இரண்டாம் முனையம். வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் முனையத்தில்தான். ஒரு முனையத்தில் செக்யூரிட்டி முடித்துவிட்டு அடுத்த முனையத்து லவுஞ்சுக்குப் போக முடியாது. இங்கே 080 என்ற பெயரில் உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் தனித்தனி லவுஞ்சுகள் இருக்கின்றன. உங்கள் கார்டில் உள்நாட்டு லவுஞ்ச் மட்டும் என்றிருந்தால், துபாய் விமானத்துக்குப் போகும் அன்று அது வேலைக்கு ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போய் ஏமாறுகிற குடும்பங்கள் நிறைய.

லவுஞ்சுகள் செக்யூரிட்டிக்கு அப்பால்தான், வெளிநாட்டுப் பயணமானால் இமிக்ரேஷனுக்கும் அப்பால். வழியனுப்ப வந்தவர்களை உள்ளே கூட்டிப் போக முடியாது. அதோடு, பெரும்பாலான லவுஞ்சுகள் விமான நேரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் விடமாட்டார்கள். உள்ளே இருக்கும் நேரமும் இரண்டு அல்லது மூன்று மணி என்று வரம்பு உண்டு. சில சமயம் பயந்து பயந்து ஐந்து மணி நேரம் முன்பே போய்விடுகிறோம் அல்லவா, அப்போது முதல் இரண்டு மணி நேரத்துக்கு லவுஞ்ச் உதவாது. கையில் புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது இன்றைக்கும் நல்ல பழக்கம்தான், முனையத்துக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது.

படி 5: வெளிநாடு போகிறவர்களுக்கு விமான நிறுவன வழி

அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துப் போகும்போது இன்னொரு வழி திறக்கிறது. பிசினஸ் வகுப்பு டிக்கெட் இருந்தால் அந்தப் பயணிக்கு லவுஞ்ச் உண்டு, கூட வருபவருக்கு அல்ல. மகன் பிசினஸ், அம்மா எகானமி என்றால் அம்மா வெளியேதான். அப்படிப்பட்ட நிலையில் தங்கள் இருக்கையையே அம்மாவுக்குக் கொடுத்துவிடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதுதான் சரியென்றும் தோன்றுகிறது.

அடிக்கடி பறப்பவர்களுக்கான உறுப்பினர் நிலை இதைவிட உதவும். ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா எல்லாம் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் கோல்ட் நிலை இருந்தால், எகானமியில் பறந்தாலும் லவுஞ்ச் உண்டு, ஒரு விருந்தினரையும் அழைத்துப் போகலாம். விருந்தினரும் அதே விமானத்தில் பயணம் செய்ய வேண்டும். கவனியுங்கள், ஒருவர்தான். அப்பா, அம்மா இருவரும் வந்தால் ஒருவருக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கணவன், மனைவி இருவருக்குமே கோல்ட் இருந்தால் ஆளுக்கொருவராகப் பெற்றோர் இருவரையும் அழைத்துப் போய்விடலாம். உறுப்பினர் உடன் பயணம் செய்யாவிட்டால் இந்தச் சலுகை இல்லை. பெற்றோர் தனியாகப் பறக்கிறார்கள் என்றால் மகனின் கோல்ட் அவர்களுக்கு உதவாது.

தனியாகப் போகும் பெற்றோருக்கு துபாய், தோஹா, சிங்கப்பூர் போன்ற இடைநிறுத்தங்களில் ஆறேழு மணி காத்திருப்பு இருந்தால், பணம் கட்டிப் போகும் லவுஞ்சை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்து, அந்த ரசீதை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். வாசலில் ஆங்கிலத்தில் பேசிப் புரியவைக்கும் தொல்லை அவர்களுக்கு இருக்காது, தாளை நீட்டினால் போதும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவன், மனைவி, கணவனின் அப்பா அம்மா, ஒன்பது வயது மகள், ஒன்றரை வயது மகன். பெங்களூரிலிருந்து டெல்லி. கணவனின் கிரெடிட் கார்டில் காலாண்டுக்கு இரண்டு நுழைவு, விருந்தினரும் அதில் கழியலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவிடம் ரூபே பிளாட்டினம் டெபிட் கார்டு. மனைவிக்கும் சம்பளக் கணக்கில் ஒரு டெபிட் கார்டு, லவுஞ்ச் சலுகையோடு. அம்மாவுக்குக் கார்டே இல்லை.

கணவன் ஒன்று, அம்மா விருந்தினராக ஒன்று: அவருடைய கார்டில் இரண்டும் போயிற்று. அப்பா தன் கார்டு. மனைவி தன் கார்டு. சின்னவன் இலவசம். மகளுக்கு மட்டும் குழந்தைக் கட்டணம் கட்ட வேண்டும். ஆறு பேரும் உள்ளே, கைக்காசு ஒருவருக்கு மட்டும்.

திரும்பும் வழியில்? அதே காலாண்டு என்றால் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அப்படியானால் அம்மாவுக்கு முன்பே ஒரு டெபிட் கார்டு எடுத்திருந்தால், கணவனின் இரண்டில் ஒன்று திரும்புவதற்கு மிஞ்சியிருக்கும். இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் எந்தக் கார்டு குறைகிறது என்று தெரியும்.

எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்றால்? முழுப் பணம் கட்டிப் போவது உள்நாட்டுப் பயணத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், அந்தப் பணத்தில் உணவுக்கூடத்தில் குடும்பமே தோசை சாப்பிட்டுக் காபி குடித்துவிடலாம். விமானம் மூன்று நான்கு மணி தாமதம், முதியவர் படுக்க இடம் வேண்டும் என்றால் மட்டும் யோசிக்காமல் கட்டுங்கள். இருக்கிற அனுமதி மூன்று பேருக்குத்தான் என்றால் தாத்தா பாட்டியோடு துணைக்கு ஒருவர் போகட்டும். நாம் கேட் பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம்.

படி 6: கிளம்பும் முந்தைய இரவு

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. கார்டில் "ஆர் முருகன்", போர்டிங் பாஸில் "முருகன் ராமசாமி" என்று இருக்கும். கார்டில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் லவுஞ்ச் விதி. இனிஷியல் வித்தியாசத்துக்கு ஆதாரைக் காட்டிச் சமாளித்துவிடலாம், கையில் வைத்திருங்கள். ஆனால் கிளையில் அன்றே கொடுக்கும் பெயர் அச்சிடாத கார்டோடு போய் நிற்காதீர்கள். புதுக் கார்டு வாங்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடச் சொல்லுங்கள்.

லவுஞ்சில் கார்டை ஒரு முறை தேய்ப்பார்கள். இரண்டு ரூபாய், சில கார்டுகளில் இருபத்தைந்து ரூபாய் பிடிக்கும். கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்ப்பதற்கான தொகை அது. அப்பாவுக்குக் கார்டின் ரகசிய எண் (PIN) நினைவிருக்கிறதா என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், வங்கி ஆப்பில் நாம்தான் திறக்க வேண்டும். கடைகளில் தேய்க்கும் வசதியை யாராவது அணைத்து வைத்திருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

இப்போது பல வங்கிகள் கார்டைத் தேய்ப்பதற்குப் பதில் செல்போனுக்கு வவுச்சரோ கியூஆர் கோடோ அனுப்புகின்றன. அது வங்கியில் பதிவான எண்ணுக்குத்தான் வரும். அப்பாவின் பதிவு எண் பழைய பட்டன் போனில், அந்தப் போன் ஊரில் அலமாரியில் இருந்தால், அதற்கு வரும் வவுச்சரோ ஓடிபியோ யாருக்கும் பயன்படாது. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கியூஆர் கோடை எடுத்துவிட முடிந்தால் முந்தைய நாளே எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியில் இருக்கும் சேவை நிறுவனங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவே பெரிய இடைத்தரகராக இருந்த ட்ரீம்ஃபோக்ஸ், 2025 செப்டம்பரில் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்தியது. அதை நம்பியிருந்த கார்டுகளுக்கு வழிமுறையே மாறியது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

படி 7: ஏர்போர்ட்டில்

சக்கர நாற்காலி கேட்டிருக்கும் பெரியவர்களை உதவியாளர் நேராகக் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். செக்யூரிட்டி முடிந்ததுமே, "லவுஞ்சில் விட்டுவிட்டு இத்தனை மணிக்கு வாங்க தம்பி" என்று சொல்லி, எப்படித் தொடர்புகொள்வது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லவுஞ்ச் வாசலில் எல்லோருடைய போர்டிங் பாஸையும் கார்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கார்டைக் கொடுக்கும் முன்பே, "இவங்களுக்குத் தனியாகக் கட்டணம் வருமா?" என்று கேளுங்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் எத்தனை ஆள் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். காலை ஐந்திலிருந்து எட்டு வரை வரிசை நீளமாக இருக்கும். இருபது நிமிடம் நிற்க வேண்டியிருந்தால் பெரியவர்களை முதலில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் நில்லுங்கள்.

பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு கேட்காது. கேட் விமான நேரத்துக்கு 20, 25 நிமிடம் முன்பே மூடிவிடும். இரண்டாம் முனையத்தில் நடையும் அதிகம். விமான நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் செல்போனில் அலாரம் வையுங்கள், குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப் போய்விட்டு நேராகக் கேட்டுக்கு நடக்கத் தொடங்கிவிடலாம்.

ஊர் திரும்பிய பிறகு

அடுத்த இரண்டு மாத ஸ்டேட்மென்டையும் பாருங்கள், லவுஞ்ச் கட்டணம் தாமதமாக வரும். தவறாகப் பிடித்திருந்தால் போர்டிங் பாஸ், லவுஞ்ச் ரசீது இரண்டையும் படமெடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசியது கணக்கில் நிற்காது, புகார் எண் வேண்டும். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலும், வந்த பதில் திருப்தி இல்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாக முறையிடலாம். 14448 என்ற எண்ணில் அழைத்தால் எப்படிச் செய்வது என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.